சராசரி வாக்காளரும் மூன்று பவுசர் தண்ணீரும்

நெடுங்கேணிச் சந்தியில் எனக்கொரு சைக்கிள் கடை. கடைக்குப் பின்னால் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி, உடைந்த சைக்கிள்களைப் போட்டு வைத்திருந்தேன். எண்பத்திரண்டாம் ஆண்டு, தேர்தல் வரப்போகிறது என்று ஊர் கதைக்கத் தொடங்கிய கோடையில், கொழும்பிலிருந்து ஒரு ஜீப் வந்து அந்தப் பத்தியை வாடகைக்குக் கேட்டது. ஜீப்புக்குள் ஆட்கள் இருந்தார்கள்தான். ஆனால் கேட்ட விதத்தைப் பார்த்தால் ஜீப்பே கேட்டது போலத்தான் இருந்தது. சரி, போகட்டும் என்று சைக்கிள்களை வேலியோரம் சாத்திவிட்டு இடத்தைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பெயர்ப்பலகை வந்தது. ‘வாக்காளர் அபிப்பிராய உருவாக்க மற்றும் மனமாற்ற ஆராய்ச்சி நிறுவகம், வன்னிப் பிராந்தியக் கிளை.’ பலகை பத்தியைவிட நீளம். ஒரு நுனியில் என் கடைக்கு வருகிறவர்களின் தலை இடிபடும்; மறு நுனியில் காகம் வந்து இருக்கும். கொஞ்சம் வெட்டிவிடலாமே என்று கேட்டேன். “பெயரைச் சுருக்கினால் நோக்கமும் சுருங்கிப் போகும், மிஸ்டர் சின்னராசா” என்றார் பணிப்பாளர் டொக்டர் யோகநாதன். அவர் மருந்து கொடுக்கிற டொக்டர் அல்லர். அது தெரியாமல் முதல் கிழமையே சிலர் காய்ச்சலோடு வந்து, ஆளுக்கொரு படிவம் நிரப்பிவிட்டுக் காய்ச்சலோடேயே திரும்பிப் போனார்கள்.

திறப்பு விழாவில் பணிப்பாளர் பேசினார். “இந்த நாட்டில் எல்லோரும் வாக்காளரிடம் வாக்குக் கேட்கிறார்கள். அந்த வாக்கு அவருடைய தலைக்குள் எப்படி உண்டாகிறது என்று ஒருவராவது கேட்டதுண்டா? நாங்கள் கேட்கப் போகிறோம். ஒரு மனிதனின் அபிப்பிராயம் எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு தேர்தலே தேவையில்லை. எங்களிடம் கேட்டால் போதும்.” எல்லோரும் கை தட்டினோம். பிளேன்டீயும் வாய்ப்பனும் கொடுத்தார்கள். என்னைப் ‘பிராந்திய இணைப்பாளர்’ என்று நியமித்தார்கள். ஜீப்புக்குக் காற்றடிப்பதும், யாருடைய வீடு எங்கே இருக்கிறது என்று கையைக் காட்டுவதும் என் வேலை.

ஆராய்ச்சிக்கு முதலில் தேவைப்பட்டது அபிப்பிராயம் இல்லாத ஓர் ஆள். ஏற்கெனவே அபிப்பிராயம் உள்ள தலையில் புதிதாக எதையும் உருவாக்கிப் பார்க்க முடியாதாம். நெடுங்கேணியில் அப்படி ஓர் ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? கள உத்தியோகத்தர் செல்வராசா, யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் இருந்து இதில் வந்து மாட்டியவர், முதலில் பரமலிங்கத்தாரிடம் போனார். பரமலிங்கத்தார் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்பவர். எந்தக் கட்சியை ஆதரிக்கிறீர்கள் என்ற ஒரே கேள்விக்குக் காலையில் பதில் சொல்லத் தொடங்கினார். “தம்பி, அதுக்கு முதல் ஐம்பத்தாறில என்ன நடந்ததெண்டு நீர் விளங்கவேணும்” என்று செல்வராசாவின் சேட்டுக் கையைப் பிடித்து இருத்தினார். அவர் அறுபதாம் ஆண்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது; செல்வராசாவின் பேனையில் மையும் முடிந்துவிட்டது. பரமலிங்கத்தார் தன் பேனையைக் கொடுத்தார்.

இப்படியே ஒரு கிழமை போனது. ஊரில் அபிப்பிராயம் இல்லாதவை என்று எண்ணினால் என் கடை வாசலில் படுத்திருந்த நாயும் அந்த ஜீப்பும்தான். நிறுவகம் கிளையை மூடிவிட்டுப் போய்விடும் என்று நான் உடைந்த சைக்கிள்களைத் திரும்ப உள்ளே வைக்க ஆயத்தமானேன். அந்த நேரம் பார்த்து வீரபாகு வந்து சேர்ந்தான்.

வீரபாகு மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த லயத்தை எரித்துவிட்டார்கள். மனைவி ராக்காயியோடு வன்னிக்கு வந்து, காட்டோரத்தில் ஒரு துண்டுக் காணியை வெட்டித் துப்புரவாக்கிக் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தான். அன்று கத்தரிக் கூடை கட்டிய சைக்கிளுக்கு ஒட்டுப்போட வந்தவனைச் செல்வராசா பிடித்துக்கொண்டார்.

கதிரையில் இருந்து ஒருவர் தன்னைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்றதும் வீரபாகு எழுந்து நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

“உமக்கு நாட்டு நிலைமை திருப்தியோ?”

“ஆமாங்க தொரை.”

“அப்ப அரசாங்கம் நல்லாச் செய்யுது?”

“ஆமாங்க.”

“இல்லை, சரியான மோசமாச் செய்யுது எண்டும் சிலர் சொல்லுகினம். அது சரியோ?”

“ஆமாங்க, சரிங்க.”

“ரண்டும் எப்பிடியப்பா சரியாகும்?”

“ஆமாங்க, எப்படிங்க ஆகும்.”

செல்வராசா ஓடிப்போய்ப் பணிப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பணிப்பாளர் தானே கதிரையில் இருந்து, எல்லாக் கட்சிகளின் கொள்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார். வீரபாகு எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” என்றான். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செல்வராசா, இப்படி ஒரு நெகிழ்வை நான் வெளிநாட்டில்கூடக் கண்டதில்லை. இந்த மனம் ஒரு நிமிடத்தில் நான்கு தடவை மாறுகிறது” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “டொக்டர், அவன்ர மனம் ஒண்டும் மாறேல்லை. தோட்டத்தில கதிரையில இருக்கிறவருக்கு இல்லையெண்டு சொன்னா அண்டைக்கு வேலைப் பட்டியலில பேர் விழாது, சம்பளமும் விழாது. அவன்ர தேப்பனும் அப்பிடித்தான், பாட்டனும் அப்பிடித்தான். நீங்கள் கழுதைக்குக் கொம்பு இருக்கோ எண்டு கேட்டாலும் ஆமாங்க எண்டுதான் சொல்லுவான்” என்றேன்.

“கழுதைக்குக் கொம்பு இருக்கிறதா?” என்று பணிப்பாளர் வீரபாகுவைக் கேட்டார்.

“ஆமாங்க தொரை.”

“பார்த்தீரா?” என்று என்னிடம் திரும்பினார். “தகவல் இல்லாத இடத்திலும் இணங்குகிறார். இதுதான் நாங்கள் தேடிய ஆள்.”

அப்போது வீரபாகு தலையைச் சொறிந்தான். “தொரை, ஒண்ணு சொல்லணுங்க. எங்களுக்கு வோட்டு இல்லிங்க. அப்பா காலத்துல பதியாம விட்டுட்டாங்க. நான் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட கடதாசி கண்டியில கெடக்குங்க. இந்தியாக்காரன்னும் சொல்லல, இலங்கைக்காரன்னும் சொல்லல.”

செல்வராசா படிவத்தை மேலும் கீழும் புரட்டினார். யாருக்கு வாக்களிப்பீர்கள் என்ற கேள்விக்கு எதிரே ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கட்டம் இருந்தது. கடைசியில் ‘இன்னும் முடிவெடுக்கவில்லை’ என்று ஒரு கட்டம் இருந்தது. வாக்கே இல்லாதவனுக்கு என்று ஒரு கட்டமும் இல்லை.

“வாக்குரிமை சட்டத்துறையின் விஷயம். எங்கள் துறை மனம்” என்றார் பணிப்பாளர். “கடைசிக் கட்டத்தில் போடும்.”

செல்வராசா கடைசிக் கட்டத்தில் சரி அடையாளம் போட்டார். அன்றிலிருந்து வீரபாகு முடிவெடுக்காத வாக்காளன் ஆனான்.

ஒட்டுப்போட்டு முடித்துச் சைக்கிளைக் கொடுத்தபோது அவனைத் திட்டினேன். “விசரா, உனக்கேன் இந்த வேலை? காலமை முழுக்க நிண்டு ஆமாங்க போடுறாய்.”

“இல்லண்ணே, பெரிய தொரைமாருங்க. கச்சேரில ஒரு வார்த்தை சொல்லி, நம்ம கெணத்துப் பாறைக்கு ஒரு வழி பண்ணமாட்டாங்களா?” என்றான்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. புருஷனும் பெண்சாதியுமாகக் கோடை முழுக்க வெட்டினார்கள். கீழே மண் ஈரமாக வரத் தொடங்கியபோது பாறை குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. அலவாங்கு போட்டால் நெருப்புப் பொறிதான் பறந்தது. பாறைக்கு வேட்டு வைக்க அரசாங்கக் கச்சேரியில் அனுமதி வேண்டும். அந்த நாட்களில் வன்னியில் வேட்டு மருந்து என்று வாய் திறந்தாலே யாராவது துவக்கோடு வந்து விசாரிப்பார்கள். மாரி மழைக்கு முன் பாறையை உடைத்து, தண்ணீரைக் கண்டு, சுற்றிக் கல் அடுக்கி முடிக்காவிட்டால், முதல் பெருமழைக்கே கரை இடிந்து வெட்டின கிடங்கு தூர்ந்துபோகும். அத்தனை பாடும் மண்.

அதுவரைக்கும் தண்ணீர் பக்கத்துக் காணியில். அது அன்னபாக்கியம் அக்காவுடைய கிணறு. அவா வடமராட்சியிலிருந்து வந்து குடியேறியவர். நல்ல மனுசி, ஆனால் கிணறு என்று வந்தால் வேறு மனுசி. ராக்காயி கிணற்றுக்கட்டில் கால் வைக்கக்கூடாது. வாளியைத் தொடக்கூடாது. கீழே குடத்தோடு நிற்கவேண்டும். அவா வசதிப்படும்போது வந்து அள்ளி ஊற்றுவா. சில நாள் சமையல் முடிந்துதான் வசதிப்படும். சில நாள் தலை முழுகி, முடி காய்ந்த பிறகுதான். ராக்காயி ஒருநாள் என் கடையில் வைத்து அழுதாள். “அண்ணே, கூலி வேலையில நின்னிருக்கேன், மழையில நின்னிருக்கேன். அது வேற. குடத்த வச்சுக்கிட்டுத் தண்ணியப் பாத்துக்கிட்டே நிக்கிறது இருக்கே, அது வேற” என்றாள்.

வேட்டு இல்லாமலும் பாறையைப் பிளக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய தகப்பன் தோட்டத்தில் றோட்டுப் போடுகிற வேலை செய்தவர். பாறையின் மேல் விறகை அடுக்கி நன்றாக எரித்து, கல் பழுத்து நிற்கும்போது ஒரே தரமாகத் தண்ணீரை அடித்தால் அது தானாக வெடிப்பு விடும். விறகுக்குக் குறைவில்லை, காடு பக்கத்தில். பீப்பாய்க் கணக்கில் தண்ணீர்தான் இல்லை. ஒரு குடத்துக்கே முடி காயும்வரை நிற்கிறவள், பாறைக்கு ஊற்ற எங்கே போய்க் கேட்பாள்?

ஆராய்ச்சி தொடங்கியது. வீரபாகுவின் காணியைச் சுற்றிக் கயிறு கட்டி ‘ஆய்வு வலயம்’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள். நடுவில் ஒரு கதிரை. அதில் அவன் இருக்கவேண்டும். துரைமார் முன்னால் எப்படி இருப்பது என்று அவன் பக்கத்தில் குந்திக்கொண்டான். கதிரை வெறுமையாகவே இருந்தது. கையில் ஒரு பட்டியைச் சுற்றி நாடித் துடிப்பை அளந்தபடி, செல்வராசா ஒவ்வொரு கட்சியின் துண்டுப்பிரசுரத்தையும் உரத்து வாசித்தார்.

வீரபாகுவின் நாடி ஆடாமல் அசையாமல் இருந்தது. இரண்டாம் கட்சியின் பொருளாதாரக் கொள்கையை வாசிக்கும்போது மட்டும் திடீரென்று எகிறியது. மறுபடி வாசித்தார், மறுபடி எகிறியது. பணிப்பாளர் கொழும்புக்குத் தந்தி அடித்தார். உண்மையில் அந்த நேரம் பரமலிங்கத்தாரின் எருமை வேலியை முறித்துக்கொண்டு கத்தரிக்குள் இறங்கியிருந்தது. வீரபாகு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பிப்போய்த் துரத்த ஏலாது, கையில் பட்டி. பொருளாதாரக் கொள்கை முடியும்போது கத்தரியும் அரைவாசி முடிந்திருந்தது.

பிறகு வவுனியாவில் ஒரு மாநாடு. பணிப்பாளர் படம் கீறிக் காட்டிப் பேசினார். நாட்டின் சராசரி வாக்காளரை நிறுவகம் கண்டுபிடித்துவிட்டது, அவர் நெடுங்கேணியில் இருக்கிறார், அவர் ஒருவர் நாற்பதினாயிரம் வாக்காளருக்குச் சமன், அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் வன்னி சாயும், அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார். பத்திரிகையிலும் வந்தது.

அடுத்த நாள் காலை நான் கடை திறக்கும்போது சந்தியில் வாகனங்கள் வரிசையாக நின்றன. கட்சிகளின் பெயரை நான் எழுதமாட்டேன். எல்லாக் கட்சிச் சைக்கிளுக்கும் காற்றடித்துப் பிழைக்கிறவன். முதலாம் கட்சி, இரண்டாம் கட்சி, மூன்றாம் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் வீரபாகு ஆமாங்க என்றான். மூன்றும் ஆளுக்கொரு மாலை போட்டன. கடைசியில் மூன்றும் ஒரே கேள்வியைக் கேட்டன: “தம்பிக்கு என்ன வேணும்?”

“தண்ணிங்க” என்றான் வீரபாகு. ஆமாங்க அல்லாத ஒரு சொல்லை அவன் அந்த வாகனங்களின் முன்னால் சொன்னது அது ஒன்றுதான். பாறை எரிக்கிற விஷயத்தையும் சொன்னான்.

முதலாம் கட்சி பவுசர் என்கிற தாங்கி லொறி ஒன்று நிறையத் தண்ணீர் கொண்டுவந்து காணி வாசலில் நிறுத்தியது. ராக்காயி வீட்டிலிருந்த குடம், சட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் செல்வராசா விசில் ஊதிவிட்டார். ஒரு கட்சியின் தண்ணீரை மட்டும் பாவித்தால் ஆராய்ச்சி ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். குழாயைச் சுற்றிக் கம்பி கட்டி, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்கள். இதைக் கேள்விப்பட்டு இரண்டாம் கட்சி ஒரு பவுசர் கொண்டுவந்தது. அதற்கும் சீல். மூன்றாம் கட்சி எல்லாவற்றிலும் பெரிய பவுசர் ஒன்றை இழுத்துவந்தது. அதற்கும் சீல் வைத்துவிட்டு, ஒரு பாலை மரத்தின் கீழ் காவலாளி ஒருவரைக் கதிரை போட்டு இருத்தினார்கள்.

இனி நடந்ததைப் பாருங்கள். மூன்று பவுசர் தண்ணீர் வாசலில் நிற்கிறது. ராக்காயி வெறுங்குடத்தோடு அவற்றைக் கடந்துபோய், அன்னபாக்கியம் அக்காவின் கிணற்றுக்குக் கீழே நிற்கிறாள். “ஏன் பிள்ளை, உங்கட வாசலில ஒரு குளமே நிக்குதே. இஞ்சை ஏன் வாறாய்?” என்று அவா கேட்டா. ராக்காயி குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

மூன்றாம் பவுசரின் குழாய் கொஞ்சம் ஒழுகியது. ராக்காயி அதற்குக் கீழே ஒரு சட்டியை வைத்தாள். காவலாளி அறிக்கை கொடுத்தார். நிறுவகம் என் பத்தியில் அவசரக் கூட்டம் கூடியது. ஒழுகுகிற தண்ணீரால் மூன்றாம் கட்சியின் செல்வாக்குச் சொட்டுச் சொட்டாகக் கூடுகிறது. ஆகவே மற்ற இரண்டையும் அதே அளவுக்கு ஒழுகவிடுவதா, இதை நிறுத்துவதா என்று மத்தியானம் வரைக்கும் விவாதித்தார்கள். சட்டியில் சேர்ந்ததைத் திரும்பப் பவுசருக்குள் ஊற்றிவிட்டுக் குழாயைத் துணியால் இறுக்குவது என்று முடிவானது. செல்வராசா பவுசரின் மேல் ஏறி நின்று சட்டியைக் கவிழ்த்தார். பாவம், அவருடைய முகத்திலும் வெட்கம் இருந்தது. ராக்காயி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் புருஷனை இழுத்துக்கொண்டு நேரே பணிப்பாளரிடம் வந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

“தொரை, மானம் கறுக்குது. மழ வந்தா குழி இடிஞ்சிரும். ஒங்களுக்கு ஆமாங்க ஆமாங்கன்னு சொல்லி இவரு தொண்டையே வத்திப்போச்சு. அந்தத் தண்ணியக் குடுத்திருங்க” என்றாள்.

பணிப்பாளர் கோபப்படவில்லை. மிக அன்பாக விளக்கினார். “அம்மா, நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தேவை உள்ளவரிடம்தான் அபிப்பிராயம் உருவாகும். தண்ணீர் கிடைத்த மனிதன் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். அவனிடம் எந்தக் கட்சி பேச முடியும்? எந்தக் கட்சியும் பேசாவிட்டால் நாங்கள் எதை ஆராய்வது? உங்கள் தாகத்தை இவ்வளவு கவனமாக வேறு யாராவது பாதுகாத்திருப்பார்களா? தேர்தல் முடியட்டும். முடிவு வெளியானபின் தண்ணீர் பற்றி ஓர் உபகுழு அமைப்போம். சரிதானே, வீரபாகு?”

வீரபாகு ராக்காயியைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். பணிப்பாளர் கதிரையில் இருந்தார்.

“ஆமாங்க தொரை” என்றான்.

ராக்காயி திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு கதைக்கவே இல்லை என்று வீரபாகு என்னிடம் சொன்னான். “வாய் தானா வந்துருதுண்ணே. உள்ளுக்க இல்லன்னு வருது, வெளிய வர்றப்போ ஆமான்னு ஆயிருது” என்றான்.

தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம் ராக்காயி கடைக்கு வந்தாள். “அண்ணே, பெரிய ஸ்பானர் ஒண்ணு குடுங்க. குறடும் குடுங்க” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதெல்லாம் நிறுவகத்தின் வேலை.

தேர்தல் நாள் காலை, வீரபாகுவுக்கு வெள்ளைச் சேட்டும் வேட்டியும் உடுத்தி, மாலை போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். வன்னி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. மூன்று கட்சிக்காரரும் பின்னால் வந்தார்கள். காவலாளியும் கதிரையை மடித்துக்கொண்டு ஜீப்பில் தொற்றினார். நான் பிராந்திய இணைப்பாளர், முன் சீட்டில். ராக்காயி மட்டும் தலைவலி என்று வீட்டில் நின்றுவிட்டாள். போகும்போது கிணற்றுக் கிடங்கிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. சமைக்கிறாள் என்றார் செல்வராசா. ஓமோம் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் சனம் வரிசையாக நின்றது. பரமலிங்கத்தார் வரிசைக்கு நடுவில் நின்று அறுபத்தைந்தாம் ஆண்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். வீரபாகுவை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வாக்குச்சாவடிப் பொறுப்பதிகாரி பேரைக் கேட்டார், தாள்களைப் புரட்டினார், தலையை ஆட்டினார்.

“இவருக்குப் பேர் இல்லை.”

“நன்றாகப் பாருங்கள்” என்றார் பணிப்பாளர். “இவர் நாட்டின் சராசரி வாக்காளர். இவர் நாற்பதினாயிரம் பேருக்குச் சமன்.”

“அந்த நாற்பதினாயிரம் பேரும் வந்தா, அவையவையின்ர வோட்டை அவையவை போடலாம். இவருக்கு இல்லை.”

“ஐயா, விஞ்ஞானம் என்று ஒன்று இருக்கிறது.”

“இருக்கட்டும். அதுக்கும் இங்கை பேர் இல்லை. அடுத்த ஆள் வாங்கோ.”

வீரபாகு மாலையைக் கழற்றினான். “மொத நாளே சொன்னேங்களே தொரை” என்றான்.

முதலாம் கட்சிக்காரர் கத்தினார். “எட, இவனுக்கு வோட்டே இல்லையோ? இவனுக்கோ நாங்கள் பவுசர் குடுத்தது?” இரண்டாம் கட்சிக்கும் மூன்றாம் கட்சிக்கும் அதே நேரத்தில் அதே ஞாபகம் வந்தது. அந்தத் தேர்தலில் மூன்று கட்சிகளும் ஒரே அபிப்பிராயத்துக்கு வந்தது அந்த ஓர் இடத்தில்தான். “தண்ணியைத் திருப்பி எடுங்கோடா!” என்று வாகனங்களில் பாய்ந்து ஏறினார்கள்.

வீரபாகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடியது. கடவுளே, அந்தப் பெட்டைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடு என்று நான் மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். காட்டு வளைவுக்கு வந்தபோது ‘படார்’ என்றொரு சத்தம் கேட்டது. மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஆவி எழும்பியது.

போய்ப் பார்த்தால், மூன்று பவுசரின் குழாயும் திறந்து கிடக்கிறது. கத்தரிப் பாத்திக்கு என்று அவள் முந்தின கிழமை வெட்டிய வாய்க்கால் கிடங்கு வாசலில் போய் முடிகிறது. கிடங்கு முட்டத் தண்ணீர். முகமெல்லாம் கரியோடு ராக்காயி மண்மேட்டில் குந்தியிருந்தாள், மடியில் என் ஸ்பானர்.

“எங்கட தண்ணி!” என்று முதலாம் கட்சிக்காரர் கத்தினார்.

“எடுத்துக்குங்க” என்றாள் ராக்காயி. “யாரு வேணாம்னா? வாளி அங்கன இருக்கு.”

ரோசம் பொல்லாதது. மூன்று கட்சிக்காரரும் சேட்டைக் கழற்றினார்கள். வாளி கட்டி இறைக்கத் தொடங்கினார்கள். யாருடைய தண்ணீர் எது என்று சண்டை வந்தது. பணிப்பாளர் நடுவில் நின்று, ஒவ்வொரு பவுசருக்கும் மாறி மாறி ஊற்றும்படி தீர்ப்புச் சொன்னார். செல்வராசா விசில் ஊதினார். வெயில் ஏறியது. இறைத்தார்கள், இறைத்தார்கள், வேர்த்து விறுவிறுக்க இறைத்தார்கள். கீழே நின்று அள்ளினவர்களின் காலில் உடைந்த கற்கள் தடுக்கின. அவற்றையும் வாளியில் போட்டு மேலே அனுப்பினார்கள். முதலாம் பவுசர் நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. பெரிய பவுசரும் நிரம்பி வழிந்தது.

கிடங்கைப் பார்த்தால் இடுப்பளவுக்குத் தண்ணீர் அப்படியே நிற்கிறது.

“இன்னும் ஆரின்ர தண்ணியடா இது?” என்று இரண்டாம் கட்சிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். பாறை விட்ட வெடிப்பிலிருந்து குளிர்ந்த ஊற்று வந்துகொண்டே இருந்தது. வீரபாகு கிடங்குக்குள் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தான். அப்படியே தண்ணீருக்குள் நின்று பெரிய சத்தமாக அழுதான். ராக்காயி மேலே இருந்து, “அழுவாதய்யா, தண்ணி உப்பாப் போயிரும்” என்று அவனைத் திட்டிக்கொண்டே தானும் அழுதாள். அவள் அவனோடு திரும்பக் கதைத்தது அப்போதுதான்.

பவுசர்கள் நிரம்பின தண்ணீரோடு போய்விட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் அன்னபாக்கியம் அக்கா நின்றா. அவாவின் கிணறும் அந்தக் கிழமை சேறாகத்தான் கிடந்தது. “உவர்த்தண்ணியே பிள்ளை?” என்று கேட்டா. ராக்காயி வாளிக் கயிற்றைக் கொண்டுபோய் அவாவின் கையில் கொடுத்தாள். “அள்ளிக் குடிச்சுப் பாருங்கக்கா. இங்க யாரும் காத்துக்கிட்டு நிக்க வேணாம்” என்றாள். அக்கா கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றா. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தா.

அந்த வருடம் மழைக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. கல் அடுக்கி முடியும்வரை பொறுத்திருந்து பெய்தது. நானும் பரமலிங்கத்தாரும் கல் தூக்கினோம். எழுபதாம் ஆண்டுக்கு அவர் வந்து சேர்ந்த நேரம் கட்டு முடிந்துவிட்டது. எருமை செய்த வேலைக்கு அதுதான் அவர் கொடுத்த நட்டஈடு.

மழை விட்ட ஒரு காலையில் நிறுவகத்தின் ஜீப் வந்தது. பத்தியில் இருந்த அந்த நீளமான பலகையை அதன் கூரையில் கட்டியிருந்தார்கள். பலகையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘நிறுவகத்தின் மனமாற்ற ஆய்வினால் உருவான கிணறு.’ பணிப்பாளர் இறங்கி, ராக்காயியின் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். செல்வராசா படிவத்தோடு நின்றார். வீரபாகு பழக்கத்தில் எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான்.

“எங்கள் ஆராய்ச்சி இல்லாவிட்டால் பவுசர் வந்திராது. பவுசர் இல்லாவிட்டால் கிணறு இல்லை. ஆகவே இந்தப் பலகையை இங்கே நடுகிறோம். சரிதானே, வீரபாகு?”

வீரபாகு கிணற்றைப் பார்த்தான். ராக்காயி வாளியை இறக்கிக்கொண்டிருந்தவள் கயிற்றை அப்படியே பிடித்தபடி நின்றாள். அவன் துண்டை உதறித் திரும்பவும் தோளில் போட்டான்.

“இல்லிங்க” என்றான்.

பணிப்பாளருக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ. “நடலாம்தானே?” என்று மறுபடி கேட்டார்.

“இல்லிங்க தொரை. நடப்படாது. கொண்டு போயிருங்க.”

செல்வராசா படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“டொக்டர், இல்லையெண்டு சொல்லுறார். அதுக்கு இதில கட்டம் இல்லை.”

பணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார்.

“கடைசிக் கட்டத்தில் போடும்” என்றார். “இன்னும் முடிவெடுக்கவில்லை.”